காலி நாற்காலியின் சத்தம்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போய் மூன்று வருடமாகிறது. சென்னையிலிருக்கும் மகள் அவருடைய போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். கேமரா பார்ப்பதை அது சத்தமாக மாற்றும். நொடிக்கு ஒரு தடவை இடமிருந்து வலமாகத் துழாவும். உயரத்தில் இருப்பது கீச்சென்று கேட்கும், தாழ இருப்பது கனத்துக் கேட்கும். எனக்கு அது கொசுக்கூட்டம் போலத்தான் இருந்தது. அவர் விடவில்லை. எதிரில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பேசுவது கேவலமாக இருக்கிறது, அதற்காகவாவது படித்துவிட வேண்டும் என்றார்.

அவருக்குப் பாடப்புத்தகம் நான்தான். ஆத்தூர்ப் பள்ளியில் பகல் முழுக்கப் பாடம் நடத்திக் கத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்தால் செருப்பைக் கழற்ற விடமாட்டார். எதிரே உள்ள மர நாற்காலியில் உட்கார வேண்டும், எழ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். காலியாக இருந்தால் நாற்காலியின் முதுகுச் சட்டங்கள் டக்டக்கென்று வரிசையாகக் கேட்குமாம். நான் உட்கார்ந்தால் சட்டங்கள் மறைந்து மொத்தமாக ஒரு இரைச்சல். இரைச்சல் என்றால் நீதான் என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் அவர் கிரேன் கதைகளை ஆரம்பித்தால், பாதியில் நான் சத்தமில்லாமல் எழுந்துபோய் அடுக்களைத் தரையில் படுத்துவிடுவேன். சாலையில் போகும் லாரிச் சத்தத்தில் அவருக்குத் தெரியாது. முடிகிற நேரம் வந்து ‘ம்’ போடுவேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முதுகு வலி அதைவிடப் பெரிதாக இருந்தது.

அன்றைக்கு, கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கும்போது காற்றடித்த கதை. கதை சொல்லும்போது போனை ஓரமாக வைத்துவிடுவார் என்ற தைரியத்தில் எழுந்துபோனேன். கொஞ்சம் படுத்துவிட்டு எழுந்து அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால், இயர்போனை மாட்டிக்கொண்டு போனை நாற்காலிக்கு நேரே பிடித்திருக்கிறார். நாலைந்து நொடி கேட்டார். போனை மடியில் வைத்தார். பிறகு கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரல் மட்டும் இறங்கியிருந்தது. கடைசித் தடி இறங்கும்வரை காலி நாற்காலிக்குச் சொல்லி முடித்தார்.

போய் உட்கார்ந்தேன். ‘ம்’ போட வாய் வரவில்லை. அவர் மறுபடியும் போனைத் தூக்கிப் பிடித்தார். இந்தத் தடவை இரைச்சல் கேட்டிருக்க வேண்டும்.

“ஏளா, எந்த இடத்துல எந்திச்சுப் போன? அங்கன இருந்து சொல்லுதேன்.”

எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. முதலிலிருந்தே சொல்லுங்கள் என்றேன்.