தீவனக்கடைக் கோழியின் கண்கள்

ராசிபுரத்தைத் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாகப் புதுப் பெயின்ட் வாசனை வந்தது. தீவனக்கடை முன்னால் நிற்கும் சிமெண்ட் கோழிக்குச் சாரம் கட்டி, கொண்டைக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள்.

இரண்டு மாடி உயரக் கோழி. நான் மூன்றாவது படிக்கும்போது எங்கள் தெருமுனையில் எழுந்தது. கட்டியவர் அதுவரை கோயில் சிலைகள் மட்டுமே செய்தவர். கோழிக்கும் காவல்தெய்வத்தின் உருட்டுக் கண்களையே வைத்துவிட்டார். ஊரே சிரித்தது. எங்களோடு இருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கினால் அந்த வழியாக வரவே மாட்டார். கொளுத்தும் வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, முள்வேலிச் சந்து வழியாகச் சுற்றித்தான் வீடு சேர்வார்.

"அது வெறும் சிமெண்டுதானுங்க அத்தை?"

"இருக்கட்டும் சாமி. கோழிக்கறியத் தூக்கீட்டு அது கண்ணு முன்னால எப்புடி ஊட்டுக்குப் போறது?"

குழம்பு கொதிக்கும்போது தெருப்பக்க ஜன்னலையும் சாத்திவிடுவார். அப்புறம் எல்லோரையும்விட இரண்டு துண்டு கூடவே சாப்பிடுவார்.

அத்தை போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன. பஸ் கோழிக்கு நேராக வந்தது. சாரத்தில் நின்றவர் கண்ணுக்குக் கருப்பு தீட்டிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த சிக்கன் பிரியாணிப் பொட்டலத்தை நான் மெல்ல சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.