பங்காளிச் சுவரில் தொங்கிய ஸ்பேனர்

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்கு வந்ததும் முதலில் கை வைத்தது என் அடுப்படியில். வெளியூர்க் கம்பெனியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியவர். அதட்ட ஆள் இல்லாமல் போனதும் என்னிடம் வந்துவிட்டார். கடுகு டப்பா ஏன் இரண்டு, எண்ணெய்ச் சட்டி ஏன் இடது பக்கம், கறிவேப்பிலையை ஏன் ஈரத் துணியில் சுற்ற வேண்டும் என்று நாள் பூராவும் விசாரணை. சொம்புக்குள் கூட எட்டிப் பார்ப்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூச்சம் வேறு. கடையில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். விசேஷ வீடுகளில் தூணுக்குப் பின்னால் நிற்பதே என் இடம். யாரும் என்னைப் பார்க்காத, நான் பாட்டுக்கு இருக்கிற ஒரே இடம் அடுப்படிதான். அங்கே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர். இவரை எப்படியாவது கிளப்ப வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் போனில் பார்த்ததெல்லாம் ஒரே மாதிரி வீடியோ. எவனோ வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்த காரைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டுவான். இவர் வாய் பிளந்து பார்ப்பார்.

"நம்மளும் வீட்டுலயே இப்புடி ஒரு பட்டறை போட்டா எப்புடி இருக்கும்?" என்றார் ஒருநாள்.

"போடுங்களேன்" என்றேன். அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். அவருக்கே ஆச்சரியம். என்னிடமிருந்து அவ்வளவு வேகமாக ஒரு பதில் வந்து அவர் கேட்டதே இல்லை.

எங்கள் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். பின்கோடியில் இருக்கிற கடைசிக் கட்டில் அந்தக் காலத்தில் வில் வண்டி நிறுத்திய கொட்டகை உண்டு. அகலமான கதவு, பின் தெருப் பக்கம். கார் தாராளமாக நுழையும். ஆனால் வீடு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நான்கு பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கு இரண்டு அறை, அதற்குப் பூட்டு. முற்றம், முகப்பு, கொட்டகை எல்லாம் பொது. மற்ற மூன்று பேரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். குடியிருப்பது நாங்கள் மட்டும்தான். குடியிருக்கிறவனுக்கு விளக்குமாறு, இல்லாதவனுக்கு அதிகாரம். பொது வீட்டின் லட்சணம் அது.

திருப்பத்தூரில் யாரோ ஒருவர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடந்த பழைய காரைப் பேசி முடித்தார். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை அழைப்பில் வருகிற மாதிரி. காரில் ஒரு கண்ணாடி இல்லை. பின் சீட்டில் கோழி அடை காத்த அடையாளம் இருந்தது. "இந்தா, ஆரத்தி எடு" என்றார். எடுத்தேன். அடுப்படியை மீட்க வந்த வாகனம், எடுக்காமல் இருப்பேனா?

அடுத்து சாமான். இங்கேதான் எங்கள் ரத்தம் வேலை செய்தது. வெள்ளைக்காரன் என்ன செய்வான்? வேலைக்கு ஏற்றாற்போல ஒவ்வொன்றாக வாங்கி, எடுக்க வாகாய் எதிரே மாட்டிக்கொள்வான். எங்கள் ஆட்கள் பெண்ணுக்குச் சீர் வைத்தே பழகியவர்கள். ஒரு கரண்டி வேண்டுமென்றால் ஒரு டஜன் கரண்டி, ஒரு அண்டா வேண்டுமென்றால் சின்னதிலிருந்து ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு வரை வரிசையாக. அதே மாதிரி இவரும் மதுரைக்குப் போய், ஸ்பேனரில் எத்தனை நம்பர் உண்டோ அத்தனை நம்பரும், ஒவ்வொன்றிலும் ஜோடி ஜோடியாக வாங்கி வந்தார். ஜாக்கி, காரைத் தூக்கி நிறுத்த இரும்புத் தாங்கல், சாமானைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், காற்றடிக்கிற மெஷின், சுத்தியலில் மட்டும் அரை டஜன்.

அதோடு விட்டாரா? வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றின கூடத்தில், ஜமுக்காளம் விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். கல்யாணத்தில் பெண்ணின் சாமானைப் பரப்பி வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவோமே, அப்படி. தெருவில் நாலு வீட்டிலிருந்து வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். எல்லோருக்கும் காபி கொடுத்தேன்.

பரப்பி முடித்ததும் என்ன செய்வோம்? துடைத்து, துணி சுற்றி, மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். அதையும் செய்தார். ஸ்பேனர் எல்லாம் மாடி அறையில், என் கல்யாணப் பித்தளைக்குப் பக்கத்தில். கார் கடைசிக் கட்டில். நடுவில் நான்.

"இந்தா! பதினாலாம் நம்பர எடுத்தா!"

சாவிக் கொத்தோடு மாடி ஏறுவேன். பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, எடுத்துக்கொண்டு வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன். காருக்கு அடியிலிருந்து ஒரு கை நீளும்.

"இது இல்ல, பதினேழு."

"பதினாலுன்னுதான சொன்னீக?"

"போல்ட்டப் பாத்தா பதினாலு மாதிரி தெரிஞ்சுச்சு. என்னய என்ன செய்யச் சொல்றே?"

சாயங்காலம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும், வெள்ளிச் சாமானை எடுத்து வைக்கிற மாதிரி. அடுப்படி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் நிற்க எனக்கு நேரமில்லை. குழம்பு பாட்டுக்குத் தனியாகக் கொதித்தது.

கடைசியில் முழங்கால் வலி தாங்காமல் சொன்னேன். "ஏங்க, அந்த வீடியோக்காரன் எல்லாத்தையும் சொவத்துல மாட்டி வச்சிருக்கானே, நீங்களும் அங்குட்டே மாட்டுங்களேன்."

"பொதுச் செவுரு. நாலு பேரக் கேக்காம ஆணி அடிக்கப்படாது."

"பொதுக் கொட்டகையில தேள் வந்தா நாலு பேரக் கேட்டா அடிக்கிறோம்?"

அவர் யோசித்தார். எங்கள் பக்கத்துச் சுவர் சும்மாச் சுவர் இல்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து பளிங்கு மாதிரி இழைத்தது. முன் கட்டில் காலண்டர் மாட்டக் கூட ஆணி அடிக்க மாட்டோம், நூலில் கட்டிக் கதவில் தொங்கவிடுவோம். கொட்டகைச் சுவரில் அந்தப் பளபளப்பு கிடையாது, மாடும் வண்டியும் உரசின சுவர்தான். இருந்தாலும் பொது.

மறுநாள் காலையில் டிரில் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியதாய் வரிசையாகத் தொங்கின. பழைய கதவுப் பலகையைத் தட்டி ஒரு மேசை, அதன் ஓரத்தில் வைஸ், மேலே நீளமாய் ஒரு டியூப் லைட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம் மாதிரி சந்தோஷமாக நான் இருந்தது குறைவு.

கெடுத்தது அவர் வாய்தான். பெருமை தாங்காமல் சென்னையிலிருக்கும் பங்காளி அண்ணனுக்கு வீடியோ காலில் கொட்டகையைச் சுற்றிக் காட்டினார். நால்வரில் அவர்தான் மூத்தவர். பேச்சும் அவர் பேச்சுதான். ஸ்பேனரை அவர் பார்க்கவே இல்லை. ஆணியைத்தான் பார்த்தார்.

"யாரக் கேட்டு ஓட்டை போட்டே? படைப்புக்கு வர்றேன். அதுக்குள்ள காரு, கருமாதியெல்லாம் வெளிய போயிருக்கணும். இல்லாட்டி நானே அள்ளி வெளிய போடுவேன்."

படைப்பு என்றால் பங்காளிகள் எல்லோரும் கூடி, செத்துப்போன பெரியவர்களுக்குச் சேலை வேட்டி வைத்து, இலை போட்டுக் கும்பிடுகிற நாள். செத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக உயிரோடு இருக்கிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் நாளும் அதுதான். என் வீட்டுக்காரர் இடிந்துபோனார். ஜாக்கியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நாற்காலி திரும்ப அடுப்படிக்கு வந்துவிட்டது.

"இந்த வெந்தயத்த எதுக்கு வெயில்ல வைக்கிறே?" என்றார் சோகமாக.

வெந்தயத் தட்டை எடுத்துக்கொண்டு நான் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

படைப்பன்று வீடு நிறைய ஆட்கள். கும்பிட்டு, இலை போட்டு, சாப்பாடு முடிந்ததும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே எல்லோரும். நான் வழக்கம்போல ஒரு தூணைத் தேடினேன். கொட்டகையில் தூண் மெலிசு, நான் அப்படியில்லை.

"என்னடா இது, லாரி ஆபீஸா? அப்பச்சி காலத்துலேருந்து இந்தச் செவுத்துல ஒரு ஆணி உண்டா? ஒனக்கு யாருடா இந்தப் புத்தியச் சொன்னது?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார். கம்பெனியில் பத்துப் பேரை அதட்டியவர், அண்ணன் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

"நாந்தேன் சொன்னேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று நானும் திரும்பிப் பார்க்கப் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயைத் திறந்தாகிவிட்டது. மீதியையும் கொட்டிவிட்டேன். "இவுக இங்குட்டு இல்லேன்னா என் அடுப்படியில இருக்காக. காலையிலேருந்து பொழுதுசாய இருக்காக. ஆணியப் புடுங்குறதுன்னா புடுங்குங்க. போறப்ப இவுகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

பெண்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் மனைவி. நான் ஆச்சி என்று கூப்பிடுகிறவர். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது.

"நீ மட்டுந்தேன் அழுகுறேன்னு நெனச்சியா?" என்றார் ஆச்சி. "எங்க வீட்டுல இவுக பிரிஜ்ஜுக்குள்ள தேதி எழுதி ஒட்டுறாக. தயிருக்கு ஒரு தேதி, சட்னிக்கு ஒரு தேதி. வேலைக்காரப் பொண்ணு நின்னுபோச்சு."

"இப்ப அதுவா பேச்சு?" என்று அண்ணன் கத்தினார்.

"அதுதேன் பேச்சு. இவ்வளவு பெரிய செவுரு இருக்கு. உங்க பங்கு எங்குட்டு வருதுன்னு பாருங்க."

பங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியதே, அதைப் பார்க்க வேண்டும். ஆணி மறந்துபோனது. சுவரை மேலும் கீழும் பார்த்தார். நாடா கொண்டுவரச் சொன்னார். என் வீட்டுக்காரரையே ஒரு முனையைப் பிடிக்க வைத்து, சுவரை அளந்து, சாக்பீஸால் நாலாகக் கோடு போட்டார். ஜன்னல் பக்கத்துப் பங்கு மூத்தவருக்கு என்று தானே எடுத்துக்கொண்டார். அங்கே தொங்கிய பெரிய ஸ்பேனர்களைக் கழற்றி அடுத்த பங்கில் மாட்டினார். கழற்றும்போது ஒன்றைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருடைய காலும் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பட்டுக்கரை வேட்டியில் கிரீஸ். ஆச்சி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி என்னோடு உள்ளே வந்துவிட்டார்.

இப்போது மாதாமாதம் ஆச்சி அண்ணனை ரயிலேற்றி இங்கே அனுப்பிவிடுகிறார். தன் பங்குச் சுவருக்குத் தனி ஸ்பேனர் வரிசை வாங்கி மாட்டியிருக்கிறார் அண்ணன். இவரிடம் அதே நம்பர் இருந்தாலும் எடுத்துத் தொட மாட்டார். பதிலுக்கு இவரும் அப்படித்தான்.

போன மாதம் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். புகை கொட்டகையை நிறைத்தது, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் கவலை. கார் சரியாகிவிட்டால் இவருக்கு அப்புறம் என்ன வேலை?

"ஏறு, பள்ளத்தூர் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். பின் சீட்டில் உட்கார்ந்து, எங்கள் சாமியை வேண்டிக்கொண்டே போனேன். என்ன வேண்டினேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பின் தெரு முனை திரும்பியதும் கீழே ஏதோ கடகடவென்று உருண்டு விழுந்தது. கார் நின்றது.

அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தார். "கியர் பாக்ஸையே எறக்கணும்ப்பா."

"எத்தன நாளு ஆகும்?" என்று நானே கேட்டேன்.

"நாளா? மாசக்கணக்குல வேலை கெடக்கு" என்றார் என் வீட்டுக்காரர். முகமெல்லாம் சிரிப்பு.

நான் இறங்கிக்கொண்டதும் இரண்டு பேரும் காரைத் திரும்பக் கொட்டகைக்குத் தள்ளினார்கள். நான் முன்வாசல் வழியாக அடுப்படிக்கு நடந்தேன். அடுப்பில் உலை வைக்க நேரமாகிவிட்டிருந்தது.