மங்களம் ரீச்சரின் கராஜ் கதவு

மங்களம் ரீச்சரின் மகன் குகன் சிட்னியிலிருந்து அழைத்தபோது நான் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றார். காலையில் திரைச்சீலை விலகாததைக் கண்ட பக்கத்து வீட்டுப் பெண்மணி தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போயிருக்கிறார். ரீச்சர் முன்னறைக் கதிரையில் இருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, எரிச்சல். இரண்டு நாளைக்கு முன்புதான் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினோம். அந்த முக்கால் மணி நேரமும் என்னுடைய இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியே விசாரித்தார். தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவரை அறிந்த உங்களுக்கு இது புதிதாக இராது. ஊரில் ஒரே பாடசாலையில் அவர் பௌதிகம் படிப்பித்தார், நான் கணிதம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பிள்ளைகளின் பின்னால் இந்த நாட்டுக்கு வந்து மெல்பனில் மறுபடி சந்தித்தோம். நான் ரோவிலில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவர் கணவர் இறந்த பிறகும் டண்டினோங் மலைச்சரிவில் தனியாகவே இருந்தார். அவருடைய கல்விப் பணியையும் தாராள மனத்தையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். என்னால் எழுத முடிந்தது அவருடைய கராஜ் கதவைப் பற்றித்தான். அது முறையான அஞ்சலியா என்று பலமுறை யோசித்தேன். இன்னும் தெளிவில்லை.

சென்ற மே மாதம், குளிர் தொடங்கும் நேரத்தில், என்னை அழைத்தார். "மாஸ்ரர், கராஜ் கதவுக்கு ஒரு மோட்டர் பூட்டவேணும். நீங்கள்தான் நிதானமான ஆள். பாத்து ஒண்டைத் தெரிஞ்சு சொல்லுங்கோ."

விஷயம் மோட்டர் மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். குகன் ஓகஸ்டில் வருவதாக இருந்தார். அம்மாவால் தனியாகக் காரை எடுத்துப் போக முடியாத நிலை வந்தால் வீட்டை விற்றுவிட்டுச் சிட்னியில் பரமட்டாவுக்குத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அதில் பிழையும் இல்லை. அந்த மலையில் கார் இல்லாமல் ஒரு போத்தல் பால்கூட வாங்க முடியாது. "அங்கை ஒன்பதாம் மாடி மாஸ்ரர். மரத்தின்ர தலையை மட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேணும்" என்றார் ரீச்சர்.

நான் அட்டவணை போட்டேன். என்ன மோட்டர், செயினா பெல்ற்றா, எந்தக் குளிர் வரை தாங்கும், மின்சாரம் போனால் பற்றரியில் ஓடுமா என்று பதினொரு நிரல்கள். மலையில் புயலுக்கு மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம் என்பதால் பற்றரிக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு வாரம் உழைத்து, சுத்தமாகப் பிரதியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் போல ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"செயின் எண்டால் சத்தம். அதோடை குளிருக்கு கிறீஸ் இறுகும்."

"அதுதான் ரீச்சர், பெல்ற் நல்லதெண்டு கீழை எழுதியிருக்கிறன்."

"பெல்ற் றப்பர்தானே? அது எத்தனை டிகிரியிலை விறைக்கும்?"

கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இது மெல்பன், தென்துருவம் இல்லை என்று அங்கிருந்தவர் சிரித்தார். அதை ரீச்சரிடம் சொன்னபோது, "அவர் கீழை கடலுக்குப் பக்கத்திலை இருக்கிறார். அவருக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு கராஜுக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். அதன்பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு என் தொலைபேசி அடிக்கும். "ரெண்டு டிகிரி. எழுதுங்கோ." அடுத்த நாள், "ஒண்டரை. எழுதினீங்களோ?" நானும் எழுதினேன். எதற்காக எழுதுகிறேன் என்று கேட்கத் துணிவு வரவில்லை. பாடசாலையிலும் நான் அவரைக் கேள்வி கேட்டதில்லை.

இப்படி ஜூன் முழுவதும் போயிற்று. ஜூலையும் பாதி போயிற்று. நான் எதைக் காட்டினாலும் அதில் ஒரு குறை இருந்தது. ஒன்றின் வெளிச்சம் காணாது. இன்னொன்றின் ரிமோட் பொத்தான் சின்னது, கையுறையோடு அமுக்க ஏலாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை அவருடைய கராஜுக்குள் நின்றபடி, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அவரிடம் குரலை உயர்த்தினேன்.

"ரீச்சர், உங்களுக்கு மோட்டர் வேணுமோ வேண்டாமோ?"

அவர் கோபிக்கவில்லை. கதவைக் கையால் தட்டிக் காட்டினார். பிறகு, "நீங்கள் ஒருக்காலாவது இந்தக் கதவைத் தூக்கிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. பிறர் வீட்டுக் கதவு, அனுமதியில்லாமல் தொடுவது முறையல்ல என்று எப்போதும் வீட்டுக்குள்ளால் கராஜுக்கு வந்து போயிருக்கிறேன். குனிந்து கைபிடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. கையை விட்டதும் கதவு தடாரென்று கீழே விழுந்தது.

"மோட்டர் கதவைத் தூக்காது மாஸ்ரர். ஸ்பிரிங்தான் பாரத்தைத் தூக்கும். மோட்டர் சும்மா அசைக்கும். அரைவாசியிலை விட்டால் கதவு அப்பிடியே நிக்கவேணும். இதிலை ஸ்பிரிங் செத்துப்போச்சு. நீங்கள் எந்த மோட்டரைப் பூட்டினாலும் ஒரு குளிரிலை எரிஞ்சுபோம்."

"உங்களுக்கு இது எப்பவிருந்து தெரியும்?"

"போன வருசம்."

என் பதினொரு நிரல்களையும் நினைத்துக்கொண்டேன். "ஏன் ரீச்சர் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னாலை தூக்க ஏலாதெண்டதையும் சேத்தெல்லோ சொல்லவேணும்."

அப்போதுதான் அவருடைய கார் எனக்கு விளங்கியது. ஒரு வருடமாக அதை வெளியே வாசலில் விட்டிருந்தார். காரணம் கேட்டவர்களிடம், காருக்கு வெயில் படுவது பற்றரிக்கு நல்லது என்றார். அது பௌதிகம் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சொன்னவர் பௌதிக ஆசிரியை என்பதால். எழுபத்தெட்டு வயதில் தினமும் விடியற்காலையில் முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார். மோட்டர் வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். அது வந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று என்னை இரண்டு மாதம் சுற்றவிட்டதும் அவர்தான்.

அடுத்த வாரம் ஆள் வந்து ஸ்பிரிங்கை மாற்றினார். கதவு ஒரு கைக்கு எழும்பியது. ரீச்சர் அதை நாலு தரம் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப மோட்டரே தேவையில்லைப் போல கிடக்கு."

 வீட்டுக்கு வந்து அன்று பின்னேரமே, அவரைக் கேட்காமல், பெல்ற்றில் ஓடுகிற, பற்றரி உள்ள, மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கிற ஒன்றுக்குக் கடையில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அதை அவரிடம் சொல்லத் துணிந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ரிமோட் பொத்தான் பெரிசோ?"

குகன் வந்த மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். ரீச்சர் காருக்குள் ஏறி இருந்துகொண்டு பொத்தானை அமுக்கினார். கதவு ஒரு சாண் எழும்பியது, நின்றது, திரும்பக் கீழே இறங்கியது. இன்னொரு தரம் அமுக்கினார். அதேதான். குகன் கைகளைக் கட்டிக்கொண்டார். 

காரணம் எனக்குத் தெரியும். கையேட்டை மூன்று தரம் வாசித்திருந்தேன். கதவின் பாரத்தை மோட்டருக்குப் பழக்கியது வெயில் அடித்த ஒரு மத்தியானம். இந்தக் குளிரில் உருளைகளின் கிறீஸ் இறுகியிருந்தது. ஏதோ தடுக்கிறது என்று நினைத்து மோட்டர் பின்வாங்கியது. ஏணியில் ஏறினேன். "மாஸ்ரர், விழுந்து வைக்காதேங்கோ. பிறகு உங்களையும் பரமட்டாவுக்குக் கொண்டுபோயிடுவான்" என்று காருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பழக்குகிற பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். விளக்கு மினுங்கியது. கதவு முனகிக்கொண்டு மெல்ல மெல்ல மேலே போயிற்று. ரீச்சர் காரைப் பின்னுக்கு எடுத்து வீதிவரை போய், வளைவில் மறைந்தார்.

அந்த இடைவெளியில் குகன் என்னிடம் கேட்டார். "அங்கிள், உண்மையாச் சொல்லுங்கோ. அம்மாவைத் தனிய விடலாமோ?"

எந்தக் கேள்விக்கும் யோசித்துச் சொல்கிறேன் என்று நாள் கேட்பவன் நான். அன்று கேட்கவில்லை. "விடுங்கோ தம்பி. அவ இருப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் சிட்னிக்குத் திரும்பிப் போனார்.

அதன்பிறகு பத்து வாரம். ஒவ்வொரு புதன்கிழமையும் ரீச்சர் மலையிலிருந்து தானே காரோட்டி வந்து, எங்கள் மூத்தோர் ஒன்றுகூடலில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, தேநீர் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னார். மோட்டருக்காக எனக்கு நன்றி சொன்னதில்லை. வெளிச்சம் காணாது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

செத்தவீட்டில் குகன் என் கையைப் பிடித்தபடி, "அங்கிள், நீங்கள் சொன்னபடியால்தான் விட்டனான்" என்றார். குற்றமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. சிட்னியில் இருந்திருந்தால் நெஞ்சு நோகிறது என்று யாரிடமாவது சொல்லியிருப்பாரா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்களா? ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். விடை வரவில்லை. எனக்கு இப்படியொரு வேலையை விட்டுவிட்டுப் போனதற்காக அவர்மேல் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முந்தநாள் குகன் மறுபடி அழைத்தார். அம்மாவைத் தனிய விட்டது சரியோ என்ற அதே கேள்விதான், வேறு சொற்களில். மன்னிப்புக் கேட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு அது நன்றாக வரும். ஆனால் வாயில் வந்தது, "நான் சொன்னது சொன்னதுதான் தம்பி. அவ தன்ர வீட்டிலை இருந்தவ" என்பது.  "ஓம் அங்கிள்" என்றார் குகன்.

ரீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தப் பத்து வாரங்களைத்தான். யாரிடமும் அனுமதி கேட்காமல் நான் பங்கெடுத்த ஒரே காரியம் அது. சரியோ பிழையோ, அதை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.