ரயிலில் ஒரு தோல்பை

பேரப்பிள்ளைகளோடு வெளிநாடு போவதைப் போல ஒரு சந்தோஷம் கிடையாது என்று எங்கள் தாத்தா ஆம்பூரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். அவர் போனது ஒரே ஒரு தடவை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் நர்ஸாக இருந்த அத்தை தாத்தாவையும் எங்கள் இரண்டு பேரையும் வரவழைத்தாள். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு.

அத்தைக்கு டியூட்டி இருந்த ஒருநாள், தாத்தாவே எங்களைப் பறவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ரயிலில் சத்தம் போடக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்று அத்தை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் சொன்னாள்.

தாத்தா தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரயிலில் எங்களுக்கு முன்னால் ஒரு சீனப் பெண், தோளில் பழுப்புநிறத் தோல்பையோடு நின்றிருந்தாள். தாத்தாவின் பெருவிரல் தானாகப் போய் அதை அழுத்தியது. பிறகு குனிந்து மோந்தும் பார்த்தார்.

“கன்னுக்குட்டித் தோலு பாப்பா. இன்னா மெதுவா இருக்கு பாரு. நம்ம பக்கம் இந்த மாதிரி வர்றது ரொம்பக் கம்மி” என்றார்.

அந்தப் பெண் பையை அணைத்துக்கொண்டு கத்தினாள். அடுத்த ஸ்டேஷனில் சீருடைக்காரர் ஒருவர் எங்களையும் அந்தப் பெண்ணையும் இறக்கினார். தாத்தா சிரித்த முகத்தோடு, “குட் ஸ்கின், மேடம். டச்சிங். வெரி குட் ஸ்கின்” என்று விளக்கம் கொடுத்தார். தோல் கம்பெனியில் கன்றுத்தோல், ஆட்டுத்தோல் எல்லாவற்றுக்கும் ஸ்கின் என்றுதான் பெயர். அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள்.

சீருடைக்காரர் என்னிடம் குனிந்து, இவர் உன்னோடு வந்தவரா என்று இங்கிலீஷில் கேட்டார். சுற்றிலும் கூட்டம். எனக்கு மானமே போனது. “நோ” என்றேன்.

அவர் தாத்தாவின் கையைப் பிடித்து நடத்திப்போகத் தொடங்கினார். தம்பிதான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, “தாத்தா, போவாத தாத்தா” என்று அழுதான். அதற்கு யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பைக்காரப் பெண்ணே சிரித்து, விட்டுவிடச் சொன்னாள். தாத்தா எங்களை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு அடுத்த ரயில் ஏறினார். பூங்காவில் எனக்குக் கிளிகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தாத்தா இந்தக் கதையைச் சொன்னார்.

“போலீஸு புடிச்சிட்டான்ல. எம் பேத்திதான் இங்கிலீஷ்லயே பேசி மீட்டுகினு வந்தா.”

தாத்தாவுக்கு இங்கிலீஷ் புரியாதது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் முன்னால் முப்பது வருஷம் ஒவ்வொரு தோலாக விரித்துப்போட்ட மனுஷன், அவர்கள் வாயிலிருந்து அதிகம் கேட்ட சொல் அந்த ‘நோ’தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.