சதவீதம் சொல்லாத அக்கா

பொத்தானை அழுத்திய கையோடு அவர் திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டுகிறார். எத்தனை சதவீதம் முடிந்தது என்று எண்கள் ஓடும் இடம் அதற்குள் மறைந்துவிடுகிறது. ஒட்டிவிட்டு நான்கு ஓரங்களையும் நகத்தால் அழுத்தித் தேய்க்கிறார். ஏன் என்று கேட்டால், "அது சொல்றது அத்தனையும் பொய்ங்க. தொண்ணூறுல போய் நின்னுக்கிட்டு நம்மள முட்டாளாக்கும்" என்பார்.

பெரிய கண் மருத்துவமனை ஒன்றில், நோயாளிகளின் பதிவுகள் அடங்கிய தரவுத்தளத்தைக் காப்பது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது. சலவை அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில், சர்வர்கள் இரையும் குளிரறையில் உட்கார்ந்திருப்பார். கம்பளிச் சட்டை, கணவருடைய தடித்த காலுறை, அதற்கு மேல் செருப்பு. அந்தக் கோலத்திலேயே வெயிலில் நடந்து கேண்டீனுக்குப் போவார். பார்க்கிறவர்களுக்குத்தான் வியர்க்கும். "எவ்வளவு முடிஞ்சுதுக்கா?" என்று யார் கேட்டும் இதுவரை ஓர் எண்ணைக்கூட வாயிலிருந்து வரவழைக்க முடிந்ததில்லை. அதனாலேயே மருத்துவமனை முழுக்க அவருக்குச் சதவீதம் அக்கா என்று பெயர்.

எது தாமதமானாலும் அவரிடம் ஒரே கேள்விதான் உண்டு. "வேலை செய்யுதா, காத்துக்கிட்டு இருக்கா?" மெதுவாக வேலை செய்கிற இயந்திரத்தைத் தொடக்கூடாது; காத்துக்கொண்டிருக்கிற இயந்திரம் எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய தொழில் சாத்திரம் இவ்வளவுதான். வீட்டிலும் இதே அளவுகோல். குளியலறைக் கதவைத் தட்டி, "வேலை செய்யறீங்களா, காத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கணவரிடம் கேட்பார். தங்கை கணவர் ஆறு வருடமாக வீடு கட்டிக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவரு வேலையும் செய்யல, காத்துக்கிட்டும் இல்ல. மூணாவது வகை. மெஷின்ல அந்த வகை கிடையாது" என்றார். தங்கை இரண்டு மாதம் பேசவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்குச் சோதனை வந்தது. மருத்துவமனை மென்பொருளை எழுதிக் கொடுத்த நிறுவனத்தார் ஆறு மணிக்கு எதையோ புதுப்பித்தார்கள். ஏழரைக்கு வரவேற்பு மேசைப் பெண் ஒரு நோயாளியின் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, இவங்களுக்கு ஆபரேஷன் வலது கண்ணுல. இதுல இடதுன்னு காட்டுது!"

இன்னும் நாலு பதிவுகளைத் திறந்தார்கள். இரண்டு சரி, இரண்டு தலைகீழ். எது சரி, எது தவறு என்று தெரியாத பதிவேடு இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். அன்றைக்கு முப்பத்தோரு பேருக்குப் புரை நீக்கும் அறுவை சிகிச்சை. எல்லாரும் வெறும் வயிற்றோடு வந்து, கண்ணில் சொட்டு மருந்து விடப்பட்டு, எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாமல் மேல்மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணிக்குள் பதிவுகள் சரியாகாவிட்டால் அத்தனை பேரையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார்.

அக்கா பதறவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எடுத்த காப்பு நகல் பத்திரமாக இருந்தது. எட்டு மணிக்கு அந்த நகலிலிருந்து பதிவுகளை மீட்கும் வேலையைத் தொடங்கி மஞ்சள் சீட்டை ஒட்டினார். நாற்பது நிமிட வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்துக் குறித்து வைத்திருந்த கணக்கு அது.

எட்டே முக்காலுக்கு முடியவில்லை. ஒன்பதுக்கும் முடியவில்லை. சீட்டின் ஓரத்தைத் தூக்கித் திருட்டுத்தனமாகப் பார்த்தார். பதினெட்டு. ஒட்டிவிட்டார்.

ஒன்பதே காலுக்கு நிர்வாக மேலாளர் வந்தார். எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து, எல்லாரும் ஏன் தாமதம் என்று கேட்கிற மனிதர்.

"என்ன மேடம், எத்தனை பர்சென்ட்?"

"நடக்குது சார்."

"எல்லாத்தையும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாமே. எங்க வீட்டு டிவி அப்படித்தான் வழிக்கு வரும்."

"பண்ணலாம் சார். மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும். மேல போய் அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா?"

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா தன் கேள்வியை இயந்திரத்திடம் கேட்டார். மீட்பு வேலை செய்யவில்லை, காத்துக்கொண்டிருந்தது. எழுதவேண்டிய வட்டு சும்மா கிடந்தது. வலைப்பின்னலில் அடைப்பு ஏதுமில்லை. ஆனால் காப்பு நகல் இருக்கிற சேமிப்புப் பெட்டி மட்டும் மாடிப்படி ஏறியவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குள் மலை மலையாக எதையோ கொட்டுகிறார்கள். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நம்முடைய நகல் சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது. அந்தப் பெட்டியோடு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். இரண்டே பெயர்கள். ஒன்று அவருடைய சர்வர். இன்னொன்றைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சார், நம்ம வெள்ளி விழாப் படம் எடுத்தாங்களே, மேலேருந்து பறந்து எடுத்த காட்சியெல்லாம் நல்லா வந்திருக்கா?"

மேலாளர் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! காலையிலதான் கொண்டு வந்து கொடுத்தாங்க. அறுபது மணி நேரக் காட்சி. எங்க வைக்கறதுன்னு தெரியல. அப்புறம் ஒரு பெரிய பெட்டி இருக்கே, அதுலதான் காப்பி போட்டிருக்கேன். எட்டு மணிக்கே போட்டுட்டேன்." சற்று நிறுத்தினார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"மெஷினுதான் சார் சொல்லுச்சு."

மேலாளர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"நிறுத்திடட்டுமா?" என்று அவரே மெல்லக் கேட்டார்.

"நான் நிறுத்திட்டேன் சார். நீங்க உக்காருங்க."

அதன்பிறகு மீட்பு பிய்த்துக்கொண்டு ஓடியது. பத்து மணி தாண்டியதும் அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே போனார். அந்த இரண்டு நிமிடத்தில், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக உடனே ஒரு நல்ல செய்தி சொல்லியாக வேண்டும் என்று மேலாளருக்குத் தோன்றிவிட்டது. சீட்டைப் பிய்த்தார். நூறு! வரவேற்பு மேசைக்குப் போன் போட்டார். அந்தப் பெண் சந்தோஷத்தில் ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டாள். மேலே முப்பத்தோரு பேர் ஒன்றாக எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். ஆனால் பதிவேடு திறக்கவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது மேலாளரின் விரல் சர்வரின் பொத்தானுக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது.

"சார், கைய எடுங்க."

இந்தக் குரலை அந்த அறை அதுவரை கேட்டதில்லை. மேலாளர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அக்கா தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பொத்தானை மறைத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நூறு ஆயிடுச்சே மேடம். இன்னும் என்னதான் பண்ணுது?"

"சாமான் எல்லாம் வண்டியிலேருந்து எறங்கிடுச்சு சார். இனிமேதான் எடுத்து வைக்கணும். நகல் எடுத்த நேரத்துல யாரோ மாசக் கணக்கெடுப்பு ஒண்ணை ஓட விட்டிருக்காங்க. அது பாதியில நிக்குது. அந்தப் பாதி வேலையை ஒவ்வொண்ணா அழிச்சாத்தான் கதவு தொறக்கும். இப்ப இது காத்துக்கிட்டு இல்ல. வேலை செய்யுது."

உறுதியாகத்தான் சொன்னார். ஆனால் நாற்காலியை இன்னும் ஒரு விரற்கடை பொத்தானோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபது வருடத்துக்கு முன் வேறோர் அலுவலகத்தில், இதே நூறைப் பார்த்துவிட்டு, பொறுமையிழந்து பொத்தானை அழுத்தியவர் அவர்தான். தரவுத்தளம் திறக்க இரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்கு யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பார்.

சர்வர் எழுதும் நாட்குறிப்பில் வரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. அக்கா அதை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மேலாளர் சுவரிலிருந்த தீயணைப்பு விதிகளை இரண்டு முறை படித்து முடித்தார். பத்து நாற்பத்தாறுக்குப் பதிவேடு திறந்தது.

மேலாளர் மறுபடி போனை எடுக்க, அக்கா வாங்கி வைத்துவிட்டார். "தொறந்தா போதுமா சார்? உள்ள இருக்கறது சரியான்னு பாக்க வேணாமா?" பத்துப் பேரின் பதிவை அச்செடுத்துக்கொண்டு, கம்பளிச் சட்டையோடு மாடியேறினார்.

கூடத்தில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். "உங்களுக்கு எந்தக் கண்ணுங்க?" ஒன்பது பேர் சொன்னதும் தாளில் இருந்ததும் ஒத்துப்போயின. பத்தாவது ஆள், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

"இடது. ஏம்மா, காலையிலேருந்து இதையே எத்தனை பேரு கேப்பீங்க?"

இடதுதான். அக்கா தாளின் அடியில் ஒரு பெரிய சரி போட்டு, வரவேற்பு மேசைப் பெண்ணை நோக்கித் தலையசைத்தார். முதல் பெயராக அந்தப் பெரியவர் பெயரையே கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, காற்றில் கையைத் துழாவினார். செவிலியர் எல்லாரும் அறுவை அறைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நர்சம்மா, இருக்கியா?"

"இருக்கேங்க. வாங்க."

"என்ன ஆஸ்பத்திரிம்மா இது! கீழ எவளோ ஒருத்தி கம்ப்யூட்டரைப் போட்டுட்டு காலையிலேருந்து தூங்கிட்டாளாமே? நாலு தட்டு தட்டி எழுப்ப ஆளில்லையா?"

"நானும் அப்படித்தாங்க கேள்விப்பட்டேன்" என்றார் அக்கா. பெரியவரின் கையை எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, "இங்க ஒரு படி இருக்கு, பாத்து" என்று முன்னால் நடந்தார்.