அளவெடுத்து வாங்கிய ஜோடி

என் தம்பி டெய்லர். கோடு போட்ட துணியை அவனிடம் கொடுத்தால் கோடும் கோடும் அப்படியே சேர்ந்து போகும். எங்கே தைத்தான் என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்கள் வீட்டில் ஒரு உயிருக்கு எமனாக வந்தது.

நாற்பத்தாறு வயதில் ஒருவழியாகக் கல்யாணம் செய்துகொண்டான். வந்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ். கொண்டுவந்தது இரண்டு பெட்டியும் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டியும். தொட்டிக்குள் ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டைகள். ஆறு வருஷமாக ஹாஸ்டல் அறையில் அவளுக்கு இருந்த ஒரே துணை அதுதான். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் டியூட்டி முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். என் தம்பி டீ டம்ளரோடு பின்னால் நிற்பான்.

"பாவம்க்கா, அது தனியா கிடக்கு. ஒரு ஜோடி வாங்கிட்டு வரேன்" என்றான். யார் தனியாகக் கிடப்பது என்று எனக்குத் தெரியாதா என்ன!

கடைக்காரர் ஒரு பொடி மீனைக் காட்டியிருக்கிறார். இவன் கண்ணாடியில் டேப் வைத்து அளந்துவிட்டு, "பாதி சைஸ்கூட இல்லையே, இது என்னங்க ஜோடி?" என்று கேட்டு, நீளமும் பட்டையும் வீட்டு மீனைப் போலவே அச்சு அசலாக இருந்த ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். தண்ணீரில் விட்டதும் ஆரம்பித்தது. துரத்தல், கடி, மறுபடி துரத்தல். நர்ஸ் பதறிப்போய்க் கடைக்காரருக்கு போன் போட்டாள்.

"பெருசுதாம்மா பொம்பளை. சின்னது உடம்பை உதறிக் காட்டி அடங்கிப்போனாதான் குடும்பம் நடக்கும். ரெண்டும் ஒரே சைஸ்னா எது அடங்கும்? ஒண்ணு சாகுறவரைக்கும் விடாது. நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுங்க."

துளை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றில் புதியதைப் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டாள். மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் நானே கொண்டுபோறேன். அதுவரைக்கும் கூடையை மட்டும் தொடாதீங்க" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவனுக்கா இருப்புக்கொள்ளும்? முன்னறைதான் அவன் தையல் கடை; நாலு தையல் போடுவான், எழுந்து வருவான், குனிந்து பார்ப்பான், போவான். "சனியனே, உன் வேலையைப் பாருடா" என்று கத்தினேன். அடங்கவில்லை. மத்தியானம் மறுபடி வந்து நின்றான்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குதுக்கா. பழகிடுச்சு. ஒரு ட்ரயல் பாத்தாத்தானே தெரியும்? அவ வரும்போது ஜோடியா சுத்தினா எவ்வளவு சந்தோஷப்படுவா!"

அந்தக் கடைசி வார்த்தையில் நானும் விழுந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடையைச் சாய்த்தான். கொஞ்ச நேரம் இரண்டும் அக்கம்பக்கமாகத்தான் நீந்தின. "பாத்தியா!" என்று குதித்தான். அந்த நேரம் பார்த்து ஒருவர் கோட்டு வாங்க வந்தார். அவர் போட்டுப் பார்க்க, இவன் தோளை இழுத்துவிட, நான் அடுப்பைப் பார்க்கப் போக, கால் மணி நேரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது பழைய மீன் தொட்டியின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. துடுப்பெல்லாம் கந்தல். மற்றது இன்னும் அதை விட்டபாடில்லை. இவன் கையை விட்டு எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் மெஷின் பக்கமே போகவில்லை. வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான்தான் தொறந்துவிட்டேன்" என்றான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். "இனிமே நான் யார்கிட்ட பேசுவேன்?"

தம்பி அவள் எதிரில் உட்கார்ந்தான். "என்கிட்ட பேசேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா நான் சொன்னதையெல்லாம் இது கேட்டுச்சு" என்றாள். "உங்ககிட்ட இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனேன்."