சல்லடையில் கட்டிய முக்காடு

மகள் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய மைக் வாங்கியிருக்கிறாள். அதன் முன்னால் ஒரு வளையம், வளையத்தில் கறுப்பு வலை. எதற்கு என்று கேட்டேன். "'ப' சொன்னா காத்து போயி மைக்ல மோதும்பா. அது மோதாம இருக்கத்தான்" என்றாள். எனக்கே பாடமா என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வலையை மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனை அடித்தது. அந்துருண்டை வாசனையை எதிர்பார்த்த கிழவனை என்னவென்று சொல்வது.

அந்துருண்டை என்றால் எனக்கு ராயபுரத்து வீட்டு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் தங்கை பிலோமியின் முக்காடு, எட்டு வயதில் மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை அப்பம் வாங்கிய அன்று தலையில் போட்டுக்கொண்ட வெள்ளை நெட் துணி. நான் சொல்லும் காலத்தில் அவளுக்கு இருபத்திரண்டு. கோயிலில் அவள் பாட்டுக்காகவே இரண்டாம் பூசைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் அவள் பாட்டைக் கேட்டுவிட்டு, "டேப்புல எடுத்துக் கொண்டாங்க. சுத்தமா இருந்தா முதலாளிக்குப் போட்டுக் காட்றேன்" என்றார். சந்தோஷத்தில் அன்று பிலோமிக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஹார்பரில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. கப்பல்காரர் ஒருவரிடம் பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டரை வாங்கியதிலிருந்து பெரிய இன்ஜினீயர் என்ற நினைப்பு. ஞாயிறு பூசையும் வஞ்சிரக் குழம்பும் முடிந்த மதியத்தில், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு எடுப்போம். கூட்ஸ் வண்டி போகும்வரை காத்திருக்கலாம். 'ப'வை என்ன செய்வது? "பரிசுத்த" என்று அவள் ஆரம்பித்தாலே டேப்பில் பட்டாசு வெடித்தது.

அம்மாவின் மாவுச் சல்லடையைப் பிய்த்து, வளையத்தில் அந்த முக்காட்டை இழுத்துக் கட்டினேன். "சல்லடய பாழாக்கிட்டியேடா, பேமானி" என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள். ஆனால் வெடிப்பு நின்றுவிட்டது. 'ப' வரும் இடமெல்லாம் முக்காடு லேசாக எழும்பி அடங்கும். அது அசைவதைப் பார்த்துத்தான் அவளை முன்னே வா, பின்னே போ என்பேன்.

மிச்சமிருந்தது மூச்சுச் சத்தம். வரி முடிந்ததும் முகத்தைத் திருப்பி மூச்சிழுக்கப் பழக்கினேன். ஒரு மாதம் சரியாக வந்தது. பிறகு வரியின் நடுவிலேயே இழுக்க ஆரம்பித்தாள்.

"இன்னா பிலோமி, ஒரு வரி முழுசா வர்ல?"

"மூச்சு முட்டுதுண்ணா. மாடி ஏறுனாக்கூட முட்டுது."

"மைக்கப் பாத்த பயம். ஒண்ணியும் இல்ல, பாடு."

அரை அடி பின்னால் நிறுத்தினேன். மைக்கைச் சுற்றித் தலையணை வைத்தேன். அப்படியும் கேட்டது. பாட்டை அரை அரை வரியாக எடுத்து, மூச்சு விழுந்த இடங்களைப் பிளேடால் வெட்டியெறிந்துவிட்டு டேப்பை ஒட்டினேன். சத்தம் போனதும் முட்டலும் போய்விட்டதாக நினைத்த மடையன் நான்.

மழைக்காலம் தொடங்கும்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது என்ற டாக்டர், "எத்தனை நாளா முட்டுது? முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். "நல்லா பாடிக்கினுதான கீறா டாக்டர்" என்றாள் அம்மா. எந்த ஞாயிறு, எந்த வரி என்று எனக்குத் தெரியும். டேப்பைக் கேட்ட கம்பெனிக்காரர், "சுத்தமா கீது, கூட்டியாங்க" என்று சொன்னதை ஓடிப்போய்ப் பிலோமியிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கவும் அவளுக்கு மூச்சு போதவில்லை.

சவப்பெட்டியை மூடுமுன் முகத்தில் துணி போடவேண்டும். அம்மா சல்லடை வளையத்திலிருந்து முக்காட்டை அவிழ்த்துக் கொண்டுவந்தாள். போட்டது நான்தான். போட்டுவிட்டு, பழக்க தோஷம், அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "போதும், வா நைனா" என்று யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அந்த வீடு இல்லை, ஸ்பூல் ஓட்டும் மெஷினும் இல்லை. பாட்டை மட்டும் எப்போதோ கேசட்டில் ஏற்றி வைத்திருந்தேன். நேற்று மகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"எவ்ளோ கிளீனா எடுத்திருக்கீங்கப்பா. அத்தை எங்கயுமே மூச்சு விடலயே" என்றாள்.

ஆமாம் என்றேன். விட்ட மூச்சையெல்லாம் அன்றைக்கே தரையிலிருந்து பெருக்கிக் குப்பையில் கொட்டியிருந்தேன். ஒரு துண்டையாவது எடுத்து வைத்திருக்கலாம்.